இருபது தாளப் பெட்டியும் எட்டுத் தாளப் பெட்டியும்

எங்கள் மாதா கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துப் போட்டபோது எனக்கு ஒன்பது வயது. இண்டூர்ப் பக்கத்துச் சின்ன ஊர், சின்னக் கோயில். எலி செய்த வேலைக்கு ஊர் இளைஞர்கள் கைதட்டாத குறைதான். இனிமேல் கீபோர்டு வாங்கலாம், பட்டனைத் தட்டினால் தாளம் தானாக வரும், திருவிழாவுக்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஒரே பேச்சு.

ஆர்மோனியம் வாசித்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. சிறுமியாக இருந்தபோது வெல்லம் காய்ச்சும் இடத்தில் கரும்பு ஆலைக்குள் அவள் இடது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தப்பின. மற்ற மூன்றும் மடங்கியபடியே நின்றுவிட்டன. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்துப் போனார்கள். ஆர்மோனியத்துக்கு மட்டும் அந்தக் கை போதும். துருத்தி போடுவதுதானே இடது கைக்கு வேலை! வாரத்தில் ஆறு நாள் மாட்டோடும் அடுப்போடும் எங்கள் அழுக்குத் துணியோடும் கிடக்கிறவள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் ஊரே அவள் எடுத்துக் கொடுக்கும் சுருதிக்குக் காத்திருக்கும். அந்த இடமும் போய்விட்டால் அத்தைக்கு வேறொன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டிருந்தார். தெரிந்த கடையில் சொல்லி இரண்டு கீபோர்டுகளை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். வாசித்துப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. பூசை முடிந்ததும் கோயிலுக்குள்ளேயே இரண்டு பெஞ்சைப் போட்டு இரண்டையும் வைத்தார்.

முதல் பெட்டி பெரியது. அதில் இருபது தாளம். டிஸ்கோ, ராக், ரும்பா என்று மாமா ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இடது பக்கத்தில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் தாளத்தோடு பேஸ், கார்ட்ஸ் என்று பின்னணி இசையும் தானாகவே சேர்ந்துகொண்டது. நடுவில் ஒரு பட்டனைத் தொட்டால் டிரம்காரர் உருட்டுவது போல ஒரு உருட்டல் வேறு. இளைஞர்கள் சொக்கிப் போனார்கள். கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மகன், தருமபுரியில் மூன்று மாதம் கீபோர்டு பழகியவன், உடனே உட்கார்ந்து, மூன்று விரலை வைத்துச் சுமாராக வாசித்தும் விட்டான். பாவி, சந்தோஷத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அடுத்து அத்தை உட்கார்ந்தாள். வலது கை பாட்டை எடுத்தது. இடது கையின் ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையை அமுக்கினாள். தாளம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கூட வர வேண்டிய பேஸும் கார்ட்ஸும் வரவில்லை. கட்டைவிரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை. அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு இது ஆவாதுங்க சாமி” என்றாள் பங்குச் சாமியாரிடம்.

மாதாவே, அத்தையை எப்படியாவது காப்பாத்து, நான் மொட்டை போட்டுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். என் பின்னல் இடுப்புவரை இருந்த காலம் அது.

இரண்டாவது பெட்டியில் எட்டே தாளம். அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டியது போல ஒரு சத்தம். உருட்டல் கிருட்டல் எதுவும் கிடையாது. “என்னா மாமா, கொழந்தப் புள்ளைங்க பொம்மையாட்டம் இருக்குது!” என்று உபதேசியார் மகன் சிரித்தான். மாமா இடது ஓரத்திலிருந்த சின்ன சுவிட்ச் ஒன்றைத் தள்ளினார். “அக்கா, இப்ப ஒத்த வெரலை மட்டும் வையுங்க. மிச்சத்த அதுவே பாத்துக்கும்.”

அத்தை வைத்தாள். ஐயோ, பேஸ் வந்தது, கார்ட்ஸ் வந்தது! விரலை எடுத்தாள், அப்போதும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. விரலை வேறு கட்டைக்கு மாற்றினாள், அதுவும் கூடவே மாறியது. அத்தை ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முழுசாக வாசித்தாள். வீட்டுக்குக் கிளம்பி வாசல்வரை போயிருந்த பெண்கள் திரும்பி வந்து பாடினார்கள்.

“அந்தப் பெருச இன்னொரு தரம் பாக்கறியாம்மா?” என்று சாமியார் கேட்டார்.

“வேண்டாங்க சாமி. இதே போதும்.”

“வாசிக்கறவங்களுக்கு எது தோதோ அதான்” என்று அவர் முடித்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பெஞ்சுக்கடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மறு வாரமே மொட்டையும் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு குட்டு வைத்தார்கள். ஒரு குட்டுக்கும் நான் வருத்தப்படவில்லை.

பத்து வருடம் கழித்து, கல்லூரி விடுமுறையில் மாமா வீட்டுக்குப் போனபோது அந்தப் பெரிய கீபோர்டு அங்கே இருந்தது. அதைக் கடைக்குத் திருப்பவே இல்லை, தன் ஆர்கெஸ்ட்ராவுக்கென்று வாங்கிக்கொண்டுவிட்டாராம். சும்மா தட்டிப் பார்த்தேன். அதன் இடது ஓரத்திலும் அதே சின்ன சுவிட்ச். தள்ளிவிட்டு ஒற்றை விரலை வைத்தேன். இருபது தாளமும் அழகாக வந்தன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கு வந்ததும் வராததுமாக, அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அத்தையிடம் போய்க் கத்தினேன். “மாமா நம்மள ஏமாத்திட்டாருங்க அத்தை! அதுலயும் ஒத்த வெரல்ல வரும். அவருக்கு வேணும்னு வாயத் தொறக்காம இருந்திருக்காரு!”

அத்தை காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்டி. சின்னதுல அந்த சுவிட்ச தள்ளுனான் பாரு, அப்பவே திரும்பிப் பாத்தேன். பெருசுலயும் அதே எடத்துல இருந்துச்சு.”

“அப்பறம் ஏன் சொல்லலீங்க?”

“அது வந்திருந்தா திருவிழா முடியறதுக்குள்ள ஊருல பாதிப் பசங்க பழகியிருப்பானுங்க. ‘நீங்க ஓய்வெடுங்கக்கா’ன்னு மரியாதயாவே என்னய நவுத்தியிருப்பானுங்க. இந்தப் பொம்மைய இன்னி வரைக்கும் எவனாச்சும் தொட்டிருக்கானா, சொல்லு?”

யாரும் தொட்டதில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை பாவம் என்பது மட்டும்தான்.