சிவப்புத் தேதிக்கு இரட்டைக் கூலி

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு குதிரைக் காலண்டர் தொங்குகிறது. மலேசியாவில், இந்த ஈப்போ ஊரில் தமிழர், சீனர், மலாய்க்காரர், யார் வீட்டுக்குப் போனாலும் இதே காலண்டர்தான். குதிரைப் பந்தய நாளில் குதிரைப் படம் இருக்கும், விடுமுறை நாளில் எண் சிவப்பாக இருக்கும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, விசாகம், தீபாவளி என்று எல்லார் பண்டிகைக்கும் எல்லாருக்கும் லீவு. தேவகோட்டையில் இருந்தவரை எனக்குச் சிவப்புத் தேதி என்றால் எண்ணெய்க் குளியலும் மத்தியானத் தூக்கமும்தான். இங்கே வந்த பிறகு, மாதத் தாளைத் திருப்பியதும் சிவப்பு எத்தனை என்று பயத்தோடு எண்ணுகிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

நான் கூலிக்குப் பிள்ளை பார்த்துக்கொள்கிறேன். கல்யாணமாகி வந்த சில மாதங்களிலேயே, கணவரின் லாரி ஓட்டும் சம்பளம் வீட்டு வாடகையைத் தாண்டி எட்டாது என்று தெரிந்துபோனது. என் விசாவை வைத்துக்கொண்டு வெளியே வேலை கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பாயை விரித்தேன். இங்கே இதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு தொகை. லீவு நாளில் பிள்ளை வராது, ஆனாலும் காசைப் பிடிக்க மாட்டார்கள். சாயங்காலம் நேரம் தாண்டினால் மணிக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கலாம். எல்லாம் ஆபீஸ் போகிறவர்களுக்குச் செய்த ஏற்பாடு. ஃபேக்டரியில் ஷிப்ட் போகிறவர்களின் பிள்ளைகளை, விவரம் தெரிந்த எந்த அக்காவும் எடுப்பதில்லை. எனக்கு விவரம் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்யும் கவிதா, தன் ஒன்றரை வயது மகள் தர்ஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து கேட்டபோது, தலையை ஆட்டிவிட்டேன். இந்த ஒரு பிள்ளையின் நேரத்துக்கு வளைந்து கொடுத்ததில், அதுவரை வந்துகொண்டிருந்த ஆபீஸ்காரர் பிள்ளைகள் எல்லாம் நின்றுபோயின.

கவிதா ஒரு வாரம் விடியுமுன்னே வருவாள், மறுவாரம் மத்தியானம் வருவாள். லீவு நாளிலும் வந்து நிற்பாள். கணவரிடம் புலம்பினால் அவர் சுங்கை சிப்புட் பக்கம் தான் பிறந்த ரப்பர் எஸ்டேட் கதைக்குப் போய்விடுவார். "எங்கம்மா காலைல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல பேரு குடுக்கப் போறதுக்கு முன்னாடி, இருட்டோட எங்கள பிள்ளைங்களப் பாக்குற ஆயாக் கொட்டாய்ல போட்டுட்டு ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போயிருவாங்க. அங்க யாரு டைம் பாத்தா?"

"அந்த ஆயாவுக்கு எஸ்டேட் சம்பளம் கொடுத்துச்சு. எனக்கு உங்க லாரி முதலாளி கொடுப்பாரா?" என்று கேட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார்.

ஆகவே நானே ஒரு சட்டம் போட்டேன். சிவப்புத் தேதியில் பிள்ளையைக் கொண்டுவந்தால் அன்றைக்கு இரட்டைக் கூலி. காசுக்காக இல்லை, சத்தியமாக. இரண்டு மடங்கு என்றால் ஊரில் எந்தத் தாயும் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டேன். கவிதா முகம் சுளிப்பாள் என்று பார்த்தால், அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

"டபுள்தானேக்கா, ஓகே லா. லீவு நாள்ல போனா எங்களுக்கு ட்ரிப்பள் சம்பளம். உங்கள சும்மா கஷ்டப்படுத்துறோமேன்னு இத்தன நாளா சங்கடமா இருந்துச்சு. இனிமே அந்தக் கவலை இல்ல."

என் வேலிக்கு நானே கதவு வைத்துக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் ஒரு சிவப்புத் தேதியைக்கூட விட்டதில்லை. தைப்பூசத்தன்று தெருவில் போகிற காவடிகளை ஜன்னல் கம்பி வழியே பார்த்தேன். தீபாவளிக்குப் பிள்ளைக்கு முறுக்கை நொறுக்கி ஊட்டினேன்.

இந்த நிலையில்தான் ஊரில் தம்பிக்குக் கல்யாணம் குதிர்ந்தது. ஆவணி முகூர்த்தம். அன்றைக்கு இங்கே மெர்டேக்கா, சுதந்திர நாள், சிவப்புத் தேதி. எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவான், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். கூடப்பிறந்தவள் நான் ஒருத்திதான். ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு மாதம் முன்பே கவிதாவிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"நீங்க போலாம்க்கா, நான் வேணாங்கல. ஆனா ஃபேக்டரில அந்த வாரம் யாருக்கும் லீவு இல்லன்னுட்டாங்க. வேற எடம் கேட்டேன். ஷிப்ட் பிள்ளைன்னா எடுக்க மாட்டேங்குறாங்க. எடுக்குற ஒரே எடத்துலயும் முன்பணம் கேக்குறாங்க. அங்க போட்டா அப்புறம் அங்கயேதான் விடணும். எங்களுக்கு வேற வழி இல்லக்கா."

மிரட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் அழுதாள். நான் போனால் இவள் பிள்ளை வேறு இடம் போய்விடும், அடுப்படிச் செலவுக்குக் காசு நின்றுவிடும். "நீ முடிவு பண்ணு" என்றார் கணவர். அதைவிடப் போகாதே என்றே சொல்லியிருக்கலாம். டிக்கெட் போடவில்லை. ஆத்திரத்தில் அன்று குழம்பில் உப்புப் போட மறந்தேன், கணவர் அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

முகூர்த்தத்தை போனில் பார்த்தேன். தர்ஷினி மடியில் இருந்தாள். சித்தப்பா மகள் என் இடத்தில் நின்று இரண்டு முடிச்சையும் போட்டாள். கெட்டிமேளச் சத்தத்துக்குப் பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதைத் தட்டிக்கொடுத்துத் தேற்றி நிமிர்ந்தபோது திரையில் பந்தலின் மேல்துணி மட்டும் தெரிந்தது. பிறகு அம்மா போனை எடுத்தாள்.

"உனக்குன்னு எடுத்த பட்டுச் சேலைய அவளுக்குக் கொடுத்துட்டேன் ஆத்தா. முடிச்சுப் போட்டவளுக்குத்தானே கொடுக்கணும்? நீ மனசுல வச்சுக்காதே."

"சரிதாம்மா, அதானே முறை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் யூனிஃபார்மோடு கவிதா வந்தாள். என் தோளில் தூங்கிய பிள்ளை ரவிக்கையைப் பிடித்திருந்தது. விரல் விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். கூலியை இரண்டு கையாலும் நீட்டினாள், சொன்னபடி இரட்டை. கல்யாணம் நன்றாக முடிந்ததா என்று விசாரித்தாள். முடிந்தது என்றேன். கேட் வரை போனவள் திரும்பினாள்.

"நாளைக்கு நார்மல் ரேட்தானேக்கா?"

ஊரில் நாளை மறுவீட்டு விருந்து. ஆட்டுக்குச் சொல்லி வைத்திருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள்.

"நார்மல்தான், வெள்ளனவே கொண்டாந்துரு" என்றேன்.