பால் காய்ச்சிய வீடு

அடுப்பில் பால் பொங்கியபோது நான் கிழக்கே பார்த்து நிற்பதா, வடக்கே பார்த்து நிற்பதா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். புது வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சுவார்கள். நாங்களோ பல வருடம் வாடகைக்குக் குடியிருந்த வீட்டிலேயே, என் கைபட்டுக் கரிபிடித்த அந்த அடுப்பங்கரையிலேயே, மறுபடி பால் காய்ச்சினோம். தியாகதுருகத்தின் ஓரத்தில், பொட்டல்காட்டைப் பார்த்த தெருவில் இரண்டு அறை வீடு அது. எங்களுக்கு விற்பதாக வீட்டுக்கார அக்கா வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். வாரிசுச் சான்று கைக்கு வராததால் பத்திரம் பதிவாகவில்லை. "நாள் நல்லா இருக்குது, நீ பாலக் காச்சிடு. பத்திரம் அது பாட்டுக்கு வரும்" என்று அவசரப்படுத்தியதும் அவர்தான். முதல் தம்ளரை அவருக்குக் கொடுத்தேன். சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிவிட்டுத்தான் குடித்தார்.

அக்கா எனக்கு உறவில்லை. பின்கட்டில் அவர் இருந்தார், முன்கட்டில் நாங்கள். என் கணவர் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர். நான் ஜாக்கெட் தைப்பேன். எங்கள் இரண்டு பக்கத்திலும் சொந்தமென்று ஒரு குழி நிலம் கிடையாது. வீடு மாறி வீடு மாறி, தையல் மெஷினைத் தூக்கித் தூக்கி அதன் கால் ஆடிப்போயிருந்தது. அக்காவின் கணவர் இறந்த பிறகு, சின்ன மகளை அழைத்துக்கொண்டு பிறந்த ஊரான களமருதூருக்கே போய்விட அவர் முடிவுசெய்தார். அங்கே தம்பி குத்தகை நிலத்தில் பாடுபட்டுக்கொண்டிருந்தார். இந்த வீட்டை விற்று, போர்வெல் பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. எங்களுக்கு வீடு, அவருக்கு நிலம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பால் காய்ச்சிய சில நாளில் பொட்டலில் ஜேசிபி வந்து முள்ளை வாரியது. அடுத்து ஒரு போர்டு நட்டார்கள்: அரசு மாதிரிப் பள்ளி அமையவிருக்கும் இடம். அதன் பிறகு எங்கள் தெருவின் நடையே மாறிவிட்டது. "வீடு விற்பனைக்கு" என்று சுவரில் எழுதியிருந்தவர்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். டீக்கடையில் கேட் எந்தப் பக்கம் வரும் என்பதே பேச்சு. ஆடு மேய்ந்த மூலையைக் காட்டி, இங்கே ஜெராக்ஸ் கடை, அங்கே நோட்டுக் கடை என்று ஆளாளுக்குக் கடை திறந்தார்கள். புரோக்கர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மனம் மாறினால் அதைத் தப்பென்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஒருநாள் அக்காவின் தம்பி ஒரு புரோக்கருடன் வண்டியில் வந்து இறங்கினார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. "அக்கா, பத்திரம்தான் போடலியே? இவரு கேக்குற விலைக்குக் குடுத்தா போர்வெல்லோட சேத்து வாங்கிடலாம். அங்க ஸ்கூலு வருது, தெரியுமா தெரியாதா?" என்றார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஸ்கூலு எங்கடா வருது? போர்டப் படிச்சியா? ஸ்கூலு மாதிரிதான் வருதாம். மாதிரிக்கெல்லாம் எவன்டா ஜாஸ்தி குடுப்பான்?"

தெரு சிரித்தது. புரோக்கரும் சிரித்துவிட்டார். "ஐயோ அக்கா, மாதிரின்னா அது இல்ல" என்று தம்பி விளக்கத் தொடங்கியதும் அக்காவின் குரல் மாறியது. "இவ பால் காச்சிட்டாடா. அந்தப் பால நான் குடிச்சிருக்கறேன். இனிமே இது அவ வூடு. அவ வூட்ட விக்க நான் யாரு?" தம்பி வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுப்பங்கரைக்கு வந்த அக்கா, அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "எனக்கு மாதிரின்னா இன்னான்னு தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? நாலு பேர் சிரிச்சா சண்ட கொறையும்" என்றார்.

வாரிசுச் சான்று வந்ததும் சொன்ன விலைக்கே பதிந்து கொடுத்தார். போர்வெல் நிலம் வேறு யாருக்கோ போனது. அக்காவுக்குக் கிடைத்தது வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்த பிறகு வந்துசேரும் துண்டு. அதை அவர் என்னிடம் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். நான் இந்த வீட்டில் தாழ் போட்டுத் தூங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவர் வயலில் விலை கொடுத்திருக்கிறார்.

இப்போது பள்ளி மணி என் சமையலறைக்குக் கேட்கிறது. என் மகள் அங்கேதான் படிக்கிறாள். மாடியில் நாங்களும் ஓர் அறை கட்டிவிட்டோம். ஆசிரியர்களும் பிள்ளைகளைப் படிக்கவைக்க வந்தவர்களும் தேடித் தேடி வர, தெருவில் வாடகை எங்கள் காலத்து ஆட்கள் நெருங்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது. இந்த வருடம் பள்ளி திறக்கும் சமயத்தில் புரோக்கர் ஒருவர் போகிறபோக்கில் சொன்னார்: "களமருதூர்லருந்து ஒரு அம்மா பொண்ணக் கூட்டிக்கினு வூடு வூடா கேட்டுக்கினு போச்சுங்க. ப்ளஸ் ஒன் இடம் கெடச்சிருக்குதாம். வாடகையக் கேட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கே திரும்பிடுச்சுங்க, பாவம்." அக்காதான். எல்லா வாசலிலும் நின்றவர் என் வாசலை மட்டும் தாண்டிப் போயிருக்கிறார்.

பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அக்காவும் அவர் மகளும் ஒரு கட்டைப்பையோடு நின்றிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஏங்கா எங்க வூட்டுக்கு மட்டும் வரல?" என்றேன்.

"வந்தா நீ வாடகை வாங்க மாட்ட. அதான் வரல."

"வாங்கிக்கறேங்கா. வாங்க."

வாங்குகிறேன். வாங்காவிட்டால் கிளம்பிவிடுவார் என்பதால் வாங்குகிறேன். மாடி அறையை நாங்கள் எடுத்துக்கொண்டு முன்கட்டை அவருக்கு விட்டோம். போன வாரம் ஏதோ விவரம் எழுத வந்த ஒருவர் வாசலில் நின்று, "வீட்டு ஓனர் யாருங்க?" என்று கேட்டார். அக்கா என்னைக் கை காட்டினார். நான் அக்காவைக் காட்டினேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.