ஊசி அணை லியோகாதி

எங்கள் ஊரில் லியோகாதி போதாரைப் பிடித்தவர்களைவிடப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆற்றங்கரைக் காட்சிக் குடிலில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு அவளைச் சாந்த சொரூபி என்று நினைத்துக்கொள்வீர்கள். அணையைத் தாண்ட மதகில் காத்திருக்கும் சரக்குப் படகுக்காரனைப் பார்த்து, "ஏம்ப்பா, நீ படக ஓட்டறியா, படகு உன்ன ஓட்டுதா?" என்பாள். யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்கும் முன்னால் காலைத்தான் பார்ப்பாள். பாதிரியாரையும் அப்படித்தான். நான் நகரசபையில் எழுத்தராக முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். ஒவ்வொரு முறை அவள் வரும்போதும் என் மேசைக்கு அடியில் எட்டிப் பார்ப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் பிறந்தது படகில். இருபத்திரண்டு வயதில் அணைக்காரன் ஜெனோப் போதாரைக் கட்டிக்கொண்டு கரையேறினாள். ஜெனோப் நெட்டை ஆள், அவள் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். உப்பு ஜாடி, தீப்பெட்டி, காப்பித் தூள் டப்பா எல்லாவற்றையும் அவன் தன் உயரத்துக்கு ஏதாவது பலகையில் வைத்துவிட்டுப் போவான். இவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி எடுப்பாள். தினமும் அதற்கு ஒரு சண்டை, சாயங்காலம் ஒரு சமாதானம். அப்படித்தான் ஐந்து வருடம் குடும்பம் நடந்தது.

அந்தக் காலத்து அணையை இப்போதைய பிள்ளைகள் பார்த்ததில்லை. மியூஸ் ஆற்றடியில் கீல் வைத்துப் பதித்த இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் சாய்த்து, இரண்டு ஆள் உயர மரக்கட்டைகளை நெருக்கமாக நிறுத்தித் தண்ணீரைத் தேக்குவார்கள். கட்டைக்கு ஊசி என்று பெயர். வெள்ளம் வந்தால் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்க வேண்டும். பிறகு கரையில் சங்கிலி சுற்றியிருக்கும் உருளையில், அதாவது வின்ச்சில், சங்கிலியைத் தளர்த்தினால், அக்கரைச் சட்டம் முதலில் சாயும், அப்புறம் அடுத்தது, அப்படியே இக்கரை வரை எல்லாம் ஆற்றடியில் படுத்துவிடும். சட்டங்களின் தலையில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு நடைபலகை. சங்கிலி தளரும்போது அதில் ஆள் நின்றால், ஆளும் சட்டத்தோடு போக வேண்டியதுதான்.

வெள்ளத்தில் அக்கரை தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் செருப்புதான் கணக்கு. பலகை வழுக்கும் என்பதால் கட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் ஏறுவார்கள். கழற்றியதைப் பலகை தொடங்கும் கல்படியில் வைக்க வேண்டும். படியில் செருப்பு இருந்தால் ஆள் ஆற்றின் மேல் இருக்கிறான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ஆற்றில் அணைக்காரர் யாரும் இதை மீறியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருடம் புத்தாண்டு வெள்ளத்தில் ஆறு ஒரே காலையில் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. லியோகாதிக்குப் பன்றி கவலை. ஒரு வருடம் வளர்த்த பன்றி கொட்டிலில் முழங்கால் தண்ணீரில் நின்று அலறுகிறது. மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஜெனோப், "மொதல்ல ஊசி, அப்புறம் பன்னி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பதினோரு மணிக்குப் பன்றி செத்தது. அவன் ரொட்டி தின்ன வந்தபோது அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "அந்த ஆத்தையே கட்டிக்கிட்டு அதோடயே போய்த் தொலை." அவன், "மூணு மணிக்கு வின்ச்ச எறக்கிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மூன்று மணிக்கு அவள் வின்ச்சுக்குப் போனாள். கல்படி தண்ணீருக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது. செருப்பு இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டும் தடவிப் பார்த்தாள். இல்லை. ஊசியெல்லாம் பிடுங்கிவிட்டு மதகுப் பக்கம் போயிருப்பான் என்று நினைத்துச் சங்கிலியைத் தளர்த்தினாள். நான்காவது சட்டம் சாயும்போது ஏதோ கனம் விழுந்தது போலச் சங்கிலி ஒரு தரம் துள்ளியதாம்.

ஐந்து நாள் கழித்து, ஆற்றின் போக்கில் நாமூர் நகரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவனை எடுத்தார்கள். காலில் எதுவும் இல்லை. ஆறு எல்லாவற்றையும் உருவிவிடும், அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிக்கிய ஊசியைப் பிடுங்கப் போய்த் தவறி விழுந்தான் என்று விசாரணையில் எழுதினார்கள். அணை சரியான நேரத்தில் படுத்ததால் கீழத்தெரு பிழைத்தது. ஊர் அவனைத் தியாகியாக்கிவிட்டது. துள்ளிய சங்கிலியைப் பற்றி லியோகாதி யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் அவள் அங்கேயே இருந்தாள். அணைக்காரர்கள் மாறினார்கள், வின்ச் அவள் கையை விட்டு மாறவில்லை. நாற்பதாம் வருடம் மே மாதம் எதிரிப் படை ஆற்றைத் தாண்டக் கூடாதென்று நம் சிப்பாய்களே பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனபோது, மனிதர்களையும் மாவு மூட்டைகளையும் சவப்பெட்டிகளையும் துடுப்புப் படகில் அக்கரை சேர்த்தவள் அவள்தான். சண்டை முடிந்து புதுப் பாலம் வரும்வரை சேர்த்தாள். படகில் ஏறுகிறவர்களின் கால்களை எண்ணிவிட்டுத்தான் துடுப்பைத் தொடுவாள். மறுமணத்துக்குக் கேட்ட இரண்டு பேரையும் திட்டி விரட்டினாள்.

எண்பத்தைந்தில் கான்கிரீட் அணை வந்தது. ஊசி அணையைக் கழற்றி எடுத்தார்கள். ஊரில் உடனே பாரம்பரியக் குழு ஒன்று முளைத்தது. தலைவர் மருந்துக்கடை தெயோபில். பாலம் வெடித்ததும் நீராவிப் படகுகள் ஓடாமல் போனதும்கூட அவருக்குச் சுற்றுலா வியாபாரமாகத்தான் தெரியும். வின்ச் பக்கத்தில் இருக்கும் பழைய சாமான் குடிலைக் காட்சிக்கூடமாக்கி, வாசலில் ஜெனோப் பெயரில் கல் வைப்பதாக முடிவு. விவரம் கேட்டு எழுதிவர என்னை லியோகாதியிடம் அனுப்பினார்கள்.

அவள் எனக்குச் சிக்கரி காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பன்றியை, சொன்ன சொல்லை, சங்கிலியை.

"கல்லுல என்னவேணா எழுதிக்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அவன் ஏன் செருப்ப வெக்கல? அணைக்காரன் மறப்பானா? நான் சொன்ன சொல்லுக்கு, என் கையாலயே சாவணும்னு நெனச்சானா?"

"அப்படியெல்லாம் இருக்காது, லியோகாதியம்மா."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நீ பொறக்கவேயில்ல." காப்பிக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். "அறுவது வருசமா தெனம் அவனத் திட்டிட்டுதான் படுக்கறேன். பாவி, செத்தது நீ, கொன்ன பாவம் எனக்கான்னு."

மறுவாரம் குடிலில் இருக்கும் பொருட்களைப் பட்டியல் எடுக்கப் போனேன். தாழ்வான கூரை. பக்கச் சுவரின் மேல் அகலமான ஒரு விட்டம். இருபத்தாறு வெள்ளம் வடிந்ததும், வேறு மதகிலிருந்து வந்த ஆட்கள் உடைந்த ஊசிகளை அதன்மேல் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதற்கப்புறம் யாரும் இறக்கவில்லை. நான் ஆள் வைத்து இறக்கினேன். கடைசி ஊசிக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு ஜோடி கட்டைச் செருப்பு தள்ளப்பட்டிருந்தது. உள்பக்கம் சூட்டுக்கோலால் இழுத்த இரண்டு எழுத்து, ஜெனோப்புக்கு ஒன்று, போதாருக்கு ஒன்று.

அவளிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவன் மேல் இருக்கும் கோபம் போய்விடும். கோபத்தில்தான் அவள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். தெயோபில், "அருமையான காட்சிப் பொருள், கண்ணாடிப் பெட்டி செஞ்சிடலாம்" என்றார். நான் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவள் மேசையில் வைத்தேன். கேட்டது அவள். மறைக்க நான் யார்?

அவள் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க இருந்துச்சு?"

"குடில்ல, விட்டத்து மேல."

"எவ்வளவு ஒசரம்?"

காட்டினேன். என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். எண்பத்தாறு வயதில் தடியை ஊன்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினாள். கல்படிக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி, குடிலின் திறந்த வாசலுக்குள் அந்த விட்டம். அதன் அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள். நான் கையோடு கொண்டுவந்த செருப்பை அதே இடத்தில் வைத்தேன். அவள் நின்ற இடத்திலிருந்து, அவள் உயரத்துக்குக் குனிந்து, நானும் மேலே பார்த்தேன். மரத்தின் விளிம்புதான் தெரிந்தது.

"படியில தண்ணி ஏறிடுச்சு. அடிச்சிட்டுப் போயிடுமேன்னு மேல வெச்சிருக்கான். அவன் கண்ணுக்கு நேரா." கையை மேலே நீட்டினாள். விரல் நுனி விட்டத்தைத் தொட்டது, செருப்பைத் தொடவில்லை. "வந்தா பாப்பாள்னு வெச்சிருக்கான்."

"நீங்க எப்பிடிம்மா பாத்திருக்க முடியும்?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்டி. உப்பு ஜாடிய எங்க வெப்பான்? தீப்பெட்டிய எங்க வெப்பான்? தெனமும் அதுக்குத்தான சண்ட போட்டேன்." சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். "அன்னிக்கி ஒரு நாள் ஒரு முக்காலி போட்டுப் பாத்திருந்தா போதும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவரையும் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு அவள் யார் காலையும் பார்க்கவில்லை. மதகுப் பக்கம் போவதை விட்டாள். படகுக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து வம்புக்கு இழுத்தார்கள், "வாங்க" என்றதோடு சரி. நவம்பரில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியாக நான் போனபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணாடிப் பெட்டியெல்லாம் வேணாம். வெச்ச எடத்துலயே இருக்கட்டும்."

குழுவில் பெரிய ரகளை. "கண்ணுக்கே தெரியாத எடத்துல எதுக்குங்க காட்சிப் பொருள்?" என்று தெயோபில் குதித்தார். முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக நான் மேசையில் அடித்துப் பேசினேன். செருப்பு விட்டத்துக்கே போனது. வாசல் கல்லில் மட்டும் அவர்கள் இஷ்டப்படி, ஊரைக் காத்த ஜெனோப் என்று வெட்டிக்கொண்டார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குடிலைத் திறந்து வைப்பது என் வேலை. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், ஊசியைத் தடவிப் பார்க்கிறார்கள், வின்ச் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விட்டத்துக்கு அடியில் நான் ஒரு முக்காலி போட்டு வைத்திருக்கிறேன். அதன் மேல் பைகளையும் குடைகளையும் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிறார்கள்.