பச்சை விளக்குக்கு ஒரு காஜா

ஊரே விசிறிக்கொண்டு கிடக்கும் பிற்பகலில், கம்பளி ஸ்வெட்டரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் நடந்து வந்தால் அது என் மாமாதான். குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ஆபரேட்டர். மீனும் பட்டாணியும் உறைந்து கிடக்கிற அறைகளுக்குள் போக ஸ்வெட்டர் வேண்டும். அந்தக் குளிரை உண்டாக்குகிற கம்ப்ரஸர்கள் இருக்கும் அறையிலோ உடம்பில் சட்டை தங்காது. இரண்டுக்கும் நடுவே போய்வந்து போய்வந்து, எது சூடு எது குளிர் என்பதே அவருக்குக் குழம்பிப்போய்விட்டது என்பாள் அத்தை. காப்பியை ஆறட்டும் என்று வைப்பார். பிறகு ஆறிவிட்டது, சுடவைத்துக் கொடு என்பார்.

அத்தை தையல்காரி. முன்னறை ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். வெட்டிய துணியில் மிச்சம் விழுந்தால் அவளுக்குப் பொறுக்காது. அதனால் அந்த வீட்டில் உடுப்பில்லாத பொருள் கிடையாது. மிக்சிக்குப் பாவாடை, டிவிக்கு முக்காடு, ரிமோட்டுக்குச் சட்டை. "ரொம்ப நேரம் அசையாம உக்காராதீங்க, உங்களுக்கும் ஒண்ணு தெச்சு மாட்டிடுவா" என்று வருகிறவர்களை மாமா எச்சரிப்பார்.

ஒரே மகள். அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்று வளர்ந்து, வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பெயர்தான் வளரவில்லை.

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு குறைவு. சண்டையெல்லாம் இல்லை. சொல்ல வேண்டியதை அவள் அம்மாவிடம் சொல்லி முடித்துவிடுவாள், அப்பாவுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. போனை அவர் எடுத்தால் "இரும்மா, அம்மாகிட்ட தரேன்" என்பதோடு முடிந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது டிவிக்குக் கீழே கிடந்த பழைய கேம் பெட்டி ஒன்றுதான். அதில் ஒரு விளையாட்டு. ஒரே கயிற்றில் பிணைந்த இரண்டு பேர் பனிமலை ஏற வேண்டும். பொடிசு முன்னால், மாமா பின்னால். முன்னால் போகிறவர் சறுக்கினால் பின்னால் வருகிறவர் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

"பிடிப்பா, பிடி, பிடி!"

"பிடிச்சுட்டேன், நீ காலை ஊணு!"

"எங்கப்பா ஊணறது, பாறையே இல்ல!"

வாய் திறக்காத இரண்டு பேர் அந்த மலையில் மட்டும் தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். "வேலைக்குப் போனாலும் பனி, வீட்டுக்கு வந்தாலும் பனி. உங்கப்பாவுக்கு ஜலதோஷம் பிடிக்காதது எனக்கே ஆச்சரியம்" என்று அத்தை ஊசியில் நூல் கோத்தபடி சொல்வாள்.

போன லீவின் கடைசி நாள், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பனிக்குகையைத் தொட்டுவிட்டார்கள். அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதே இல்லை. அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆட்டத்தைச் சேமித்து வைக்கிற மெமரி கார்டு எப்போதோ செத்துப்போயிருந்தது, அந்த மாடலுக்குப் புதியது கிடைக்கவில்லை. பெட்டியை அணைத்தால் மறுபடி அடிவாரம்தான். பொடிசு ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"அப்பா, டிவிய அணைச்சுக்குங்க. பெட்டிய மட்டும் விட்டுடுங்க, கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் இருக்கு. அடுத்த லீவுக்கு வந்து முடிச்சுடுவோம்."

"அதுவரைக்கும் இது தாங்குமா?"

"நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

அதற்கு முந்தைய லீவுகளில் அவள் வீட்டுக்கே வரவில்லை. தோழி வீடு என்றாள், ஆஸ்பத்திரியில் பயிற்சி என்றாள். இப்போது அவளாகவே அடுத்த லீவு என்கிறாள். மாமா தலையை ஆட்டினார். பஸ் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்ததாக அத்தை சொன்னாள்.

பெட்டியின் முகப்பில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று உண்டு. அன்றிலிருந்து பொடிசு போன் செய்தால் முதலில் கேட்பது இதுதான்: "அப்பா, எரியுதா?"

"எரியுதும்மா."

"சூடாயிருக்கா?"

"வெதுவெதுன்னு இருக்கு."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

இந்த மூன்றாவது கேள்வி புதியது. மாமா சுவரைப் பார்ப்பார். பிறகு, "நானும் அப்படித்தான்" என்பார். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். போனை அம்மாவிடம் கொடுக்க மறந்துவிடுவார்.

ஆனால் வெதுவெதுப்பு அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. வேலைக்குப் போகும்முன் புறங்கையால் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார், வந்ததும் தொட்டுப் பார்ப்பார். காய்ச்சல் குழந்தை மாதிரி. இப்படி ஓய்வில்லாமல் எரிந்தால் கெட்டுப்போகுமா? கெட்டுப்போனால் குகை போய்விடும். குகை போனால் பொடிசு எதற்கு வருவாள்?

கிடங்கில் அவரோடு ஷிப்ட் பார்க்கிறவருக்கு வால்வு என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் காதிலிருந்து ஆவி வருமாம். அவரிடம் கேட்டார்.

"என்னய்யா கேள்வி இது? நம்ம கம்ப்ரஸர் என்னைக்காவது நின்னிருக்கா? மெஷினுக்கு ஓட்டம்தான் ஆயுசு. நிறுத்தி நிறுத்தி எழுப்புனாத்தான் அதுக்குக் கோவம் வரும்."

"உனக்கு வர்ற மாதிரியா?"

"என்னை எவன்யா நிறுத்தினான்?"

மாமா நிம்மதியாக வீடு வந்தார். அத்தை தன் இஸ்திரிப்பெட்டியைக் காட்டினாள். "இதை ஒரு நாள் அணைக்காம போய்ப் பாருங்களேன். வீடு இருக்குமா? சூடாகற சாமான அணைச்சு வெக்கணும். இதுக்குப் போய் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு."

"இஸ்திரிப்பெட்டி வேற, இது வேற."

"அதுவும் பெட்டி, இதுவும் பெட்டி."

நிம்மதி போய்விட்டது. என்னைப் போனில் தேடிப் பார்க்கச் சொன்னார். ஒருவர் வருடக்கணக்காக அணைத்ததே இல்லை, ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், ஒரு வாரம் விட்டேன், கருகிவிட்டது என்று எழுதியிருந்தார். இரண்டையும் வாசித்துக் காட்டினேன். "ரெண்டு பேர்ல யாரு நல்லவன் மாதிரி தெரியுது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் கடைத்தெருவில் ரிப்பேர்க்காரரிடம் போனார். கடை நிறைய ஆட்கள். ரிப்பேர்க்காரர் ஒரு செல்போனின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"எரியறதால எல்லாம் கெடாது சார். தூசிதான் எமன். உள்ள ஃபேன் இருக்கு பாருங்க, அதுல தூசி அடைஞ்சுதுன்னா முடிஞ்சுது கதை. தூசி படாம பாத்துக்குங்க. காத்து நல்லா வரணும்... ஏம்மா, உங்க போன் நாளைக்குத்தான், நேத்தே சொன்னேன்ல?"

தூசி, காற்று. மாமா இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டு வந்தார். காற்றுக்காக ஜன்னலைத் திறந்தார். ஜன்னல் வழியே தெருவின் தூசியெல்லாம் உள்ளே வந்தது. மூடினால் காற்று வராது. திறந்தார், மூடினார். பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குத் தலை சுற்றியது.

"இதுக்கு ஏன் இப்படி அல்லாடறீங்க? ஒரு உறை தெச்சுப் போட்டா தூசி எப்படி வரும்?"

மாமாவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டார்.

அத்தை மனம்வைத்துத் தைத்த உறை அது. நல்ல கெட்டித் துணி, உள்ளே பஞ்சு வைத்த லைனிங், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். வயர்களுக்குப் பின்னால் வழி விட்டிருந்தாள். முகப்பில், விளக்கு இருக்கும் இடத்துக்கு நேராக, சட்டைப் பொத்தானுக்குப் போடுவதுபோல ஒரு காஜா. அதன் வழியே பச்சை வெளிச்சம் ஒரு கண் மாதிரி பார்த்தது. பெட்டியின் இரண்டு பக்கமும் இருந்த சின்னச் சின்னத் துளைகளை அவள் அளவெடுக்கவில்லை. அவை அழகுக்காகப் போட்டவை என்று நினைத்துவிட்டாள். மாமா நினைத்தது என்னவென்று அவருக்கே பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. கிடங்குக்கு வெளியே சூட்டைக் கக்குகிற மெஷினின் மேல் யாராவது ஒரு சாக்கைக் காயப்போட்டாலே "மூச்சு முட்டுதுய்யா அதுக்கு!" என்று பாய்கிறவர். இங்கே அவரே உறையின் மூலைகளை இழுத்துச் சரிசெய்தார்.

"சத்தமும் கொறைஞ்சிருக்கு பாத்தியா? நல்லா செட்டாயிடுச்சு" என்றார்.

பஞ்சுக்கு அடியில் ஃபேன் அலறிக்கொண்டிருந்திருக்கும். தையல் மெஷின் ஓசையில் யாருக்குக் கேட்டது?

ஒரு பிற்பகல் மாமா வேலையிலிருந்து வந்தார். ஸ்வெட்டரை ஆணியில் மாட்டினார். காஜாவைக் குனிந்து பார்த்தார். இருட்டு. பல்ப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே உறையைத் தூக்கிப் புறங்கையை வைத்தவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். வயர் சரியாக இருந்தது. வீட்டில் கரண்ட் இருந்தது. அத்தையின் மெஷினில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நானா ஏதாவது பண்ணிட்டேன்?" என்றாள் அத்தை.

"நீ என்ன பண்ணுவ? நான்தானே தைக்கச் சொன்னேன்."

"நீங்க எங்க சொன்னீங்க? நான்தானே சொன்னேன்."

"அப்ப அந்த ரிப்பேர்க்காரன்..."

"அவரு பாவம், உறை போடச் சொன்னாரா?"

பழி யார் மேலும் சரியாக உட்காரவில்லை. மாமா தரையில் உட்கார்ந்து, பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு சூடு இறங்கக் காத்திருந்தார். முழுக்க ஆறிய பிறகு பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எந்தக் கோளாறும் இல்லாமல் எரிந்தது. டிவியில் மலையடிவாரம் வந்தது. கயிறு கட்டிய இரண்டு பேர் குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கெடலையே! நல்லா இருக்கே!" என்றாள் அத்தை.

"கெடலன்னா எதுக்கு நின்னுச்சு?" என்றார் மாமா. பெட்டியின் பக்கத் துளைகளைத் தடவிக்கொண்டே அவரே முணுமுணுத்தார்: "சூடு ஏறினதும் தானா ட்ரிப் ஆயிருக்கு. கெட்டுடக் கூடாதுன்னுதான் நின்னிருக்கு." அது அவருக்கு ஆறுதலா வேதனையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. பெட்டி பிழைத்துவிட்டது. குகை போய்விட்டது. லீவு நெருங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "அப்பா, எரியுதா?"

மாமா திரும்பிப் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "எரியுதும்மா" என்றார். சொன்னது பொய்யா இல்லையா என்று என்னைக் கேட்டார். எனக்கு அதுவும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து மாமாவும் அத்தையும் மலை ஏறினார்கள். பொடிசு வருவதற்குள் குகைக்குப் போய்விட வேண்டும். மாமாவுக்கோ பின்னால் நின்று கயிறு பிடித்துத்தான் பழக்கம். அத்தைக்கு எந்தப் பழக்கமும் இல்லை. முன்னால் போக இருவருமே மறுத்து, ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் மாமா முன்னால் போனார்.

"கயித்தப் பிடி! பிடிடீ!"

"எந்த பட்டன்னு சொன்னாத்தானே!"

"சிவப்பு!"

"ரெண்டு சிவப்பு இருக்கு!"

விழுந்தார்கள். மறுபடி ஏறினார்கள். வெட்ட வேண்டிய ஜாக்கெட் துணிகள் மேஜையில் அப்படியே கிடந்தன. சில நாளில் அத்தை தையல் மெஷினை மிதிக்கிற தாளத்தில் பட்டன்களைத் தட்டக் கற்றுக்கொண்டாள். ஆனால் மறுபடியும் அதே தொல்லை: ஏறியதைக் காப்பாற்றப் பெட்டியை அணைக்க முடியாது. உறை இல்லாமல், நான்கு மூலையிலும் நூல்கண்டு முட்டுக்கொடுத்து, பெட்டி தரையிலிருந்து எழும்பி மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அத்தை காலையும் மாலையும் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினாள்.

அவர்களால் முதல் கயிற்றுப் பாலம்வரைதான் போக முடிந்தது. பொடிசு வந்துவிட்டாள்.

பையைக்கூட இறக்காமல் டிவியைப் போட்டாள். திரையில் பாலம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, குகை எங்க?"

மாமா ஸ்வெட்டரின் கையை உள்ளே வெளியே என்று புரட்டிக்கொண்டிருந்தார். அத்தைதான் உறையை எடுத்துக் காட்டினாள். பொடிசு அதைக் கையில் வாங்கி, காஜாவில் விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே பஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். "கம்பளியே போத்தியிருக்கீங்க" என்றாள். அவள் உதடு துடித்தது சிரிப்பை அடக்கவா என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா போன்ல சொல்லல?"

"சொன்னா நீ வராம இருந்துட்டா?"

"நான் இதுக்காகவா வர்றேன்?"

மாமா நிஜமாகவே விழித்தார். "பின்ன எதுக்கு வர்ற?"

பொடிசு வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "என்னைப் பாக்காத, நான் கயிறு பிடிக்கிற ஆளு" என்றாள். பொடிசு பையைத் தொப்பென்று கீழே போட்டாள், அப்பாவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்குக் கையை நீட்டினாள், பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது. பாலமும் போனது.

"ஐயோ!" என்றார்கள் மாமாவும் அத்தையும்.

"முதல்லேந்து போவோம். அம்மா, நானும் நீங்களும் ஒரு தடவை, அப்பாவும் நானும் ஒரு தடவை. முடியலன்னா அணைச்சுட்டுத் தூங்குவோம். நாளைக்கு மறுபடி முதல்லேந்து."

"நீ ஊருக்குப் போற வரைக்கும் தினமுமா?"

"தினமும்தான். அடுத்த லீவுக்கும்தான்."

மாமா பெட்டியின் மேல் புறங்கையை வைத்தார். அது மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. பிறகு புருவம் மெல்லச் சுருங்கியது.

"ஏம்மா," என்றார், "இப்படி அணைச்சு அணைச்சுப் போட்டா கெட்டுடாதா?"