காவல்காரன் கல்லும் வெர்னா ஹாஸ்கெலும்

வெர்னா ஹாஸ்கெல் ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பினால் அனுப்பினதுதான். யார் வந்து பரிந்து பேசினாலும் எடுபடாது.

டிரை ஃபோர்க் ஊர் மலைவண்டி கிளப்புக்கு இருபத்தாறு வருடமாக அவள்தான் பயணத் தலைவி. வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பெட்ரோல் பங்க் வாசலில் ஒரு கையில் முட்டை வைத்துச் சுருட்டின பரிட்டோ ரொட்டி, மறு கையில் நோட்டுப் புத்தகம் என்று நிற்பாள். இழுக்கிற கொக்கி இருக்கிறதா, ஸ்டெப்னி இருக்கிறதா, ரேடியோ பேசுகிறதா, வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். தேறாத வண்டியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். ‘திருப்பி அனுப்பியது’ என்று மேலே தலைப்பு, கீழே பெயர், பக்கத்தில் காரணம்.

"மேடம், இது போன மாசம் வாங்கினது. எந்த மலையும் ஏறும்னு ஷோரூம்ல சொன்னாங்க."

"அப்ப அந்த ஷோரூம்காரனையே கூட்டிக்கிட்டு அவன் சொன்ன மலைக்குப் போப்பா. இன்னிக்கு நாங்க போறது வேற மலை."

தேறினவர்களுக்கு மூன்று சட்டம். முன்வண்டியை எவனும் தாண்டக் கூடாது. பின்னால் வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாவிட்டால் நின்று காத்திருக்க வேண்டும். பாறை ஏறுவதற்காகச் சக்கரத்தடியில் கல்லை அடுக்கினவன், ஏறின கையோடு இறங்கி வந்து அந்தக் கல்லை எடுத்துப் போட வேண்டும். முன்வண்டி என்றால் அது வெர்னாவின் பழைய ஜீப்தான். வெயிலில் வெளுத்துப்போன அதன் நிறத்துக்கு ‘பிஸ்கட்’ என்று பெயர் வைத்திருந்தாள்.

கிளப்பில் அவள் முதல்முதலாக வந்து நின்ற நாளை அவள் மறந்ததே இல்லை. அன்றைக்கு இருந்த ஆம்பிளைகள் அவளைப் பார்த்து, "வீட்டுக்காரர் வரலியா? பரவாயில்ல, யாரோட வண்டியிலயாவது பக்கத்து ஸீட்ல உட்கார்ந்து சாண்ட்விச் பிரிச்சுக் குடும்மா" என்றார்கள். வீட்டுக்காரன் அதற்கு ஏழு மாதம் முன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், பிஸ்கட்டை மட்டும் விட்டுவிட்டு.  வெர்னா நேரே போய், கழுதை ஏணி என்ற மலைப்பாதையின் வாசலில் நிற்கிற காவல்காரன் கல்லில் பிஸ்கட்டைப் பதினான்கு தடவை முட்டவிட்டு, பதினைந்தாவது தடவை ஏற்றினாள். அன்றிலிருந்து இன்றுவரை எந்த மலைப்பாதையிலும் அவள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்ததில்லை.

அந்தக் காவல்காரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாதை தொடங்குகிற இடத்திலேயே குறுக்கே கிடக்கிற ஒரு பெரிய பாறை அது. பார்க்கிறவனுக்கு, இதை ஏன் இந்த மடையர்கள் உடைத்துப் போடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். காரணம் மூன்று மைல் மேலே இருக்கிற ஈரப் புல்வெளி. சேற்றைக் கடக்கத் தெம்பில்லாத வண்டி அங்கே போனால், சேற்றைச் சுற்றிக்கொண்டு புல்லில் இறங்கும். அந்த உயரத்தில் ஒரு டயர் தடம் விழுந்தால் முப்பது வருடம் ஆனாலும் ஆறாது. அதனால் தோற்கிறவன் வாசலிலேயே, வெறும் பாறையில் தோற்றுத் திரும்பிப் போகட்டும் என்று கல்லைக் காவலுக்கு வைத்தார்கள். வருடாவருடம் பனி உருகினதும் விழுந்த மரங்களை அறுப்பது, மழைத் தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கு வாய்க்கால் வெட்டுவது எல்லாம் கிளப்பின் பொறுப்பு. நில அலுவலகத்தில் அந்தப் பொறுப்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பவள் வெர்னா.

வினை கிளப் தலைவர் டேல் ப்ரூயிட் ரூபத்தில் வந்தது. டேல் கெட்டவன் இல்லை. டயர் கடை வைத்திருந்தான், எல்லோரும் தன்னைக் கண்டால் முகம் மலர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன், அவ்வளவுதான். ஆகஸ்ட் மாதப் பெரும் பயணத்துக்கு எண்பது வண்டி சேர்க்கப் போகிறேன் என்று கிளம்பினான். அதில் பாதி வண்டிக்குக் காவல்காரனை ஏறத் தெம்பு கிடையாது.

"ஒரு நாள்தானே வெர்னா. அடியில நாலு கல்லை வெச்சா எல்லாரும் ஏறிடுவாங்க. சாயங்காலம் நானே எடுத்துடறேன்" என்றான் கூட்டத்தில்.

"நாலு கல்லு வெச்சு ஏத்திவிட்டா, மேல புல்வெளியில என்னத்த வெப்பே? ஏணியா?"

"எப்பப் பாரு யாரையாவது திருப்பி அனுப்பறதுலேயே இருக்கே நீ. கிளப்புக்கு ஆள் வேணாமா?"

"ஆள் வேணும். அதுக்கு முன்னால பாதை வேணும்."

கையைத் தூக்கச் சொன்னார்கள். டேல் பக்கம் முப்பத்தொன்று, வெர்னா பக்கம் நாலு. வெர்னா நோட்டை மூடினாள். "அப்ப முன்வண்டிக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அது அவள் செய்த தப்பு. பின்னாளில் அவளே அதை யாரிடமும் மறைக்கவில்லை. போய் நின்று சாயங்காலம் அந்தக் கல்லைத் தானே எடுத்திருக்க வேண்டியவள், ரோஷத்தில் வீட்டில் உட்கார்ந்து பீச் பழத்தை வேகவைத்துப் பாட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெரும் பயணம் அவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அப்புறம் இரண்டு வாரம் விடாமல் மத்தியான மழை. அப்புறம் ஒருநாள் ஆர்லோ வந்தான். வெல்டிங் பட்டறைக்காரன், எப்போதும் கடைசியில் வால்வண்டி ஓட்டுகிறவன், ஒரு வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அடுப்படி வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கல்லை எடுத்தீங்களா?" என்றாள் வெர்னா, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டேல் எடுப்பான்னு நான் நெனச்சேன். வால்வண்டிக்காரன் நான்தான் எடுப்பேன்னு டேல் நெனச்சிருக்கான்."

"சரி, இப்ப போய் எடுத்துடலாம்."

"எடுக்க வராது வெர்னா. கல்லு உருளாம இருக்கணும்னு முந்தின நாளே சிமெண்ட் போட்டுப் பூசிட்டான்."

வெர்னா அடுப்பை அணைத்துவிட்டு அவனோடு கிளம்பினாள். பாதிப் பழம் பாத்திரத்திலேயே கிடந்து கறுத்துப் போயிற்று.

காவல்காரன் இப்போது வெறும் படிக்கட்டாகியிருந்தான். யார் யாரோ வெளியூர்க்காரர்கள் பெரும் பயணத்தின் போட்டோவைப் பார்த்துவிட்டு வந்து ஏறியிருக்கிறார்கள். புல்வெளியில் ஒற்றைத் தடமாக இருந்த பாதை ஏழாகப் பிரிந்து கிடந்தது. ஒருவன் சேற்றைச் சுற்றியிருக்கிறான், அடுத்தவன் அவன் தடத்தைச் சுற்றியிருக்கிறான். நடுவில் யாரோ புதைந்துபோய் டயரைச் சுழற்றினதில் இடுப்பளவு குழி. வெர்னா அந்தக் குழி ஓரத்தில் நின்று வாயில் வந்த வசவையெல்லாம் வைது தீர்த்தாள். அதில் பாதி தனக்கு.

மறுவாரம் நில அலுவலகத்திலிருந்து மாரிசோல் ஒர்டேகா என்ற அதிகாரி வரைபடத்தோடு வந்து சேர்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் மரியாதை, முடிவில் கறார்.

"வருத்தமாத்தான் இருக்கு மேடம். அக்டோபர் ஒண்ணாம் தேதி பாதையை மூடறோம். நிரந்தரமா."

"புல்வெளியைச் சரி பண்ணிக் காட்டினா?"

"நீங்க சரி பண்ணிட்டுப் போன மறுநாள் இன்னொருத்தன் ஏறி வருவான். அதை யார் தடுக்கறது? கேட் போட்டா பூட்டை அறுத்துடறாங்க."

"காவலுக்கு ஆள் இருக்கான். அவனைத் திரும்ப நிறுத்தறேன். ஒண்ணாம் தேதிக்கு முன்னால வந்து, உங்க ஆபீஸ் வண்டியாலயே ஏறிப் பாருங்க. ஏறிட்டீங்கன்னா நானே ‘பாதை மூடியாச்சு’ன்னு பலகையைப் பிடிச்சு நிக்கறேன், நீங்க ஆணி அடிங்க."

மாரிசோல் வரைபடத்தைச் சுருட்டினாள். "சரி, செப்டம்பர் இருபத்தெட்டு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குள் ஐந்து சனிக்கிழமை. வெர்னா நூற்றுப் பத்து பேருக்கு போன் போட்டாள். பெரும் பயணத்துக்கு எண்பது வண்டி வந்த கிளப்பில், மண்வெட்டி தூக்க ஒன்பது பேர் வந்தார்கள். வராதவனைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீங்கடா என்றாள். விழுந்த பைன் மரங்களை அறுத்து, புல்வெளியின் இரண்டு பக்கமும் நெடுக வேலி கட்டினார்கள். புதிதாக விழுந்த ஆறு தடத்தையும் கையால் கொத்தி, விதை தூவி, வைக்கோல் பரப்பினார்கள். ஐந்து நாள் பஸ் ஓட்டிய முதுகோடு வெர்னா சனியும் ஞாயிறும் குனிந்து நின்றாள். யாராவது உட்காரச் சொன்னால் முறைத்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை டேல் வந்தான், கையில் புது மண்வெட்டி. விலைச்சீட்டுகூடப் பிய்க்கவில்லை.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்" என்றான்.

"மன்னிப்பை வெச்சு குழி ரொம்பாது. அந்தக் கூடையை எடு."

அன்று முழுக்க அவன் மண் சுமந்தான். மறுநாளும் வந்தான்.

காவல்காரன்தான் மோசம் செய்துவிட்டான். சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்தபோது, பாறையின் முகமும் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. மிஞ்சின கல்லை பள்ளிக்கூட பஸ்ஸே ஏறிவிடும் போல இருந்தது. வேறு வழியில்லை, புதுக் காவல்காரன் வேண்டும். சரிவில் ஒன்றை வெர்னா பார்த்து வைத்தாள். ஆர்லோ வண்டியின் கயிறு இழுக்கிற விஞ்ச் ஒரு பக்கம், டேலின் விஞ்ச் மறு பக்கம், பிஸ்கட் பின்னாலிருந்து பிடிக்க, இரும்புக் கயிறு முனக முனக அதை இறக்கினார்கள். வாசலில் வந்து உட்கார்ந்த பிறகு ஆர்லோ கையால் அளந்து பார்த்தான்.

"பழசை விட ஒரு முழம் ஜாஸ்தி" என்றான்.

"இருக்கட்டும். வெச்சது வெச்சதுதான்" என்றாள் வெர்னா.

செப்டம்பர் இருபத்தெட்டு காலை. மலையெல்லாம் மஞ்சள் இலை. மாரிசோல் அலுவலக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள், நன்றாகவே ஓட்டினாள். முன்சக்கரம் கல்லில் ஒரு சாண் ஏறிவிட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. நாலு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

"உங்க வண்டியெல்லாம் ஏறுமா? யாருமே ஏற முடியாதுன்னா, மூடினதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்லியே."

ஆர்லோ பாறையில் பிடிப்பு கிடைக்க டயரில் காற்றைப் பாதி இறக்கினான், ரெண்டாவது தடவை ஏறினான். டேலின் உசந்த புது வண்டி மூணாவது தடவை ஏறியது, மற்றவர்களில் சிலரும் ஏறினார்கள். மாரிசோல் ஏதோ எழுதிக்கொண்டாள். "போதும். பாதை திறந்தே இருக்கும்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் பிஸ்கட்.

வெர்னா இடப்பக்கமாக ஏற்றிப் பார்த்தாள். வலப்பக்கமாக ஏற்றிப் பார்த்தாள். காற்றை இன்னும் இறக்கினாள். பதினான்கு தடவையும் பிஸ்கட் வழுக்கி இறங்கியது. பதினைந்தாவது தடவை பிஸ்கட்டின் அடிவயிறு கல்லில் உரசி நெருப்புப் பொறி பறந்தது. அந்த ஒரு முழம்தான் குறை. இருபத்தாறு வருடத்து வண்டிச் சக்கரத்துக்கு அந்த உயரம் எட்டவில்லை. எத்தனை தடவை ஆனாலும் எட்டப்போவதில்லை என்பது ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரிந்துவிட்டது. 

டேல் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். கையில் ஒரு கல்.

"உனக்கு மட்டும் வெர்னா. ஒரே ஒரு கல்லு. நீ ஏறினதும் இதோ நானே எடுத்துடறேன், சத்தியமா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது உண்மை. மாரிசோல்கூட வேறு பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் கீழ போடு" என்றாள் வெர்னா.

"அப்ப என் வண்டியில வா. பக்கத்து ஸீட் காலிதான்."

"உன் பக்கத்து ஸீட்டை நீயே வெச்சுக்கோ."

பிஸ்கட்டைப் பின்னால் எடுத்து ஓரமாக நிறுத்தினாள். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, ‘திருப்பி அனுப்பியது’ வரிசையில் எழுதினாள்: பிஸ்கட், வெர்னா ஹாஸ்கெல். காரணம்: உயரம் போதவில்லை.  மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லில் கையூன்றி ஏறி, மறுபக்கம் இறங்கிப் பாதையில் நடந்தாள்.

"எங்க போறே?" என்று கத்தினான் டேல்.

"வாய்க்கால் பார்க்க. மழை பெஞ்சிருக்கில்ல."

"மூணு மைல் வெர்னா."

"தெரியும். அளந்தவளே நான்தான்."

டேல் வண்டியில் ஏறி ரேடியோவை எடுத்தான். "ஆர்லோ, இப்ப என்னப்பா பண்றது? ஹாரன் அடிச்சுத் தாண்டிடலாமா?"

ரேடியோ கொஞ்ச நேரம் கொரகொரவென்றது. பிறகு வாரத்தின் நாலு வார்த்தையை ஆர்லோ மொத்தமாகச் செலவழித்தான்.

"முன்வண்டியை எவனும் தாண்டக் கூடாது."

லோ கியரில் போட்டு, ஏறி வந்த வண்டியெல்லாம் அவள் பின்னால் வரிசையாக ஊர்ந்தன. குறுக்கு வாய்க்கால் வந்த இடத்திலெல்லாம் அவள் நின்று, அடைத்துக்கிடந்த மண்ணை வெட்டி எறிந்தாள். அவள் வெட்டி முடிக்கிறவரை அத்தனை வண்டியும் நின்றது. புல்வெளிக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று. அதுவரை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.