லாண்டரியில் நான் வேலை வாங்கிய லட்சணம்

வேலை செய்கிறவனுக்குக் கை வலிக்கும், வேலை வாங்குகிறவனுக்குத் தொண்டை வலிக்கும் என்பதுதான் லாண்டரித் தொழிலைப் பற்றி நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்த ஒரே உண்மை.

துபாயில் புதிது புதிதாக ஹோட்டல்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவற்றின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அழுக்கோடு வேனில் ஏறி ஷார்ஜாவில் இருந்த எங்கள் லாண்டரிக்கு வரும். அடுத்த நாள் வெள்ளையாகத் திரும்பிப் போகும். நான் அங்கே வாஷிங் மிஷின் ரிப்பேர் பார்க்கும் டெக்னீஷியனாகப் போனேன். பழைய சூப்பர்வைசர் வேறு வேலை கிடைத்து சவுதியில் இருக்கும் யான்புவுக்குப் போனதும், மானேஜர் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீதான் சூப்பர்வைசர் என்றார். மிஷினைத் திறந்து பார்த்தால் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு ஆட்களை எப்படித் திறந்து பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நாலு பேரை வைத்து வேலை வாங்கிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

விசில்

மிஷின் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரோலா கடைத்தெருவுக்குப் போய் ஒரு விசில் வாங்கி வந்தேன். ஒரு முறை ஊதினால் டிராலியைத் தள்ள வேண்டும், இரண்டு முறை ஊதினால் மிஷினை நிறுத்த வேண்டும், மூன்று முறை ஊதினால் எல்லாரும் என்னிடம் வர வேண்டும். என்னைக் கேட்காமல் யாரும் எந்த பட்டனையும் தொடக்கூடாது என்றும் சொல்லிவைத்தேன். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கழுத்தில் விசிலோடு நடக்கும்போது எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எங்களிடம் விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய உருளை மிஷின் ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஈரமாக உள்ளே விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வெளியே வரும். ஒரு நாள் பாய்லர் ரூமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் கருகல் வாசனை. விரிப்பு ஒன்று உருளையில் சுற்றிக்கொண்டு புகைந்துகொண்டிருக்கிறது. மிஷினில் நின்ற முருகேசன் ஒரு கையை நிறுத்தும் பட்டனுக்கு ஓர் அங்குல தூரத்தில் வைத்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அரியலூர்க்காரன், மூன்று வருஷமாக அந்த மிஷினிலேயே நிற்கிறவன். ஓடிப்போய் நானே நிறுத்தினேன். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு அவன் கோபமே இல்லாமல் சொன்னான்:

"நீங்க ரெண்டு தடவ ஊதலியே அண்ணே."

நாற்பது ரோஸ் விரிப்புகள்

ஹோட்டல் சாப்பாட்டு மேசையின் சிவப்பு நாப்கின் ஒன்று வெள்ளை விரிப்புகளோடு கலந்து மிஷினுக்குள் போய்விட்டது. நாற்பது விரிப்புகள் ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. யார் போட்டது என்று கேட்டேன். பதில் இல்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு சிவப்பு நாப்கின் போனது. இந்த முறை யாரும் என்னிடம் சொல்லவே இல்லை. பாய்லருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த ரோஸ் மூட்டையை நானேதான் கண்டுபிடித்தேன். கணக்கு எழுதும் பஷீர், கோழிக்கோட்டுக்காரர், என் பக்கத்தில் வந்து நின்று, 'யார்' என்று கேட்டால் இங்கே எல்லாரும் ஊமைதான், வேறு ஏதாவது கேட்டுப் பாருங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டீ நேரத்தில் துணி பிரிக்கும் மேசையில் போய் உட்கார்ந்தேன். இது எப்படி நடக்கிறது என்று மட்டும் கேட்டேன், பேர் வேண்டாம் என்றேன். பிறகு ஒருவன் மேலே கையைக் காட்டினான். மேசைக்கு நேர் மேலே இருந்த டியூப்லைட் எரியவில்லை. மூன்று வாரமாகவே எரியவில்லையாம். அந்த அரை இருட்டில் விரிப்புக்குள் சுருண்டு கிடக்கும் சிவப்பு நாப்கின் வெறும் நிழல் மாதிரித்தான் தெரியும். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"சொன்னோம் அண்ணே. 'லைட்டு எதுக்கு, புத்தகமா படிக்கப் போற'ன்னு கேட்டீங்க."

மெதுவாக மடிக்கிறவர்

முனியசாமி ராமநாதபுரத்துப் பக்கம். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், பேச்சு குறைவு. மடிக்கும் மேசையில் மற்றவர்கள் நூறு துண்டு மடிக்கும் நேரத்தில் அவர் அறுபதுதான் மடிப்பார். யல்லா, ஜல்தி என்றெல்லாம் விரட்டிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு அதே வேகத்தில் மடிப்பார். அவருடைய விசா புதுப்பிக்கும் சமயம் வந்தது. மானேஜர் என் கருத்தைக் கேட்டார். இவர் வேண்டாம், ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று எழுதி மேசை டிராயரில் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்த வாரம் முனியசாமிக்குக் காய்ச்சல். நாலு நாள் ரூமில் படுத்துவிட்டார். மடிப்பு வேகம் கூடியது, எனக்கு உள்ளூர சந்தோஷம். ஐந்தாவது நாள் ஒரு ஹோட்டலில் இருந்து போன். அங்கே ஹவுஸ்கீப்பிங் பொறுப்பில் இருந்த அம்மா மட்டக்களப்புக்காரர். கிழிசல் விரிப்பும் கறைத் துண்டுமாக வந்திருக்கிறது, முன்னம் இப்படி வாறதில்லையே, பார்த்துப் பார்த்து மடிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கிறவர்தானே, அவர் லீவோ என்று கேட்டார். முனியசாமி வெறுமனே மடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டை இருப்பதையும் கறை இருப்பதையும் தனியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொல்லவில்லை.

டிராயரில் இருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, இனி வெளியே போகும் துணியெல்லாம் இவர் கை பட்டுத்தான் போக வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவர் அந்த மேசையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டு வருசமா இந்த வேலையத்தானே பாக்குறேன். இன்னைக்குத்தான் அதுக்கு மேச போட்டிருக்கீக."

தொண்ணூற்றாறாவது நாள்

விபத்து நடக்காமல் இருக்க ஒரு யோசனை செய்தேன். சுவரில் வெள்ளைப் பலகை ஒன்றை மாட்டினேன். விபத்து இல்லாமல் எத்தனை நாள் போனது என்று தினமும் அதில் எழுதுவோம். நூறு நாள் ஆனால் எல்லாருக்கும் மட்டன் பிரியாணி. கேம்ப் சாப்பாட்டில் அலுத்துப்போன ஆட்கள் அல்லவா, காலையில் வந்ததும் முதலில் பலகையைத்தான் பார்ப்பார்கள். எண்பது, தொண்ணூறு என்று ஏற ஏற எனக்குப் பாராட்டு. மானேஜர் வேறு கிளையில் இருந்து ஆளை அழைத்துவந்து பலகையைக் காட்டினார்.

ஒரு மத்தியானம் மெஸ்ஸில் முருகேசன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சூட்டிலும் முழுக்கைச் சட்டை. கையைக் காட்டு என்றேன். எச்சில் கை என்றான். இன்னொரு கையைக் காட்டு என்றேன். சட்டையை மேலே தள்ளினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து கொப்புளமாகக் கிடக்கிறது. அதன்மேல் பற்பசை பூசிப் பழைய துணியால் சுற்றியிருந்தான். உருளையில் பட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ரூமில் எட்டுப் பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

கிளினிக்கில் டாக்டர், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சீழ் பிடித்திருக்கும் என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். முருகேசனுக்கு வலிக்கவில்லை என்றில்லை. கட்டுப் போடும்போது என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான். திரும்பும் வழியில் வேனில் ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நான் திட்டுவேன் என்று பயந்திருப்பான் என நினைத்தேன். அது இல்லை. அன்று மாலையே பலகையைக் கழற்றினேன். உருளைக்கு முன்னால் கை போகாதபடி ஒரு கம்பித் தடுப்பு வைத்தேன். டெக்னீஷியனாக இருந்தபோதே வைத்திருக்க வேண்டியது. அந்த வெள்ளிக்கிழமை பிரியாணியும் வந்தது. ஆனால் வேனில் அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது:

"தொண்ணூத்தாறு நாள் ஆயிருச்சு அண்ணே. இன்னும் நாலு நாள் பல்லக் கடிச்சிட்டா அத்தன பேருக்கும் பிரியாணி."

இரண்டு கலர் பென்சில்

நோன்பு மாதத்தில் டூட்டி மாற்றுவது பெரிய தலைவலி. எங்களில் ஒன்பது பேர் நோன்பு பிடிப்பவர்கள். போதாக்குறைக்கு அந்த வருஷம் நோன்புக்குள்ளேயே தீபாவளியும் வந்தது, ஓரிரு நாளில் ரம்ஜான் பெருநாள். நான் இரண்டு கலர் பென்சில் வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து ஓர் அட்டவணை போட்டு ஒட்டினேன். ஒருவரும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் வேலை தடங்கலில்லாமல் ஓடியது.

விசாரித்தால், அவர்களே பேசி முடித்திருக்கிறார்கள். நோன்பாளிகள் விடியுமுன் சஹர் சாப்பிட்ட தெம்பு இருக்கும்போதே காலையில் உருளை மிஷினைப் பார்த்துக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் மற்றவர்கள் அங்கே போக, இவர்கள் ஏசி பக்கம் மடிக்க வந்துவிடுவார்கள். தீபாவளிக் காலையில் பஷீர் கூட்டம் முன்னதாகவே வந்து மிஷினைப் போட்டது, தீபாவளிக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நிதானமாக வந்தார்கள். பெருநாளுக்கு அதே கடன் திரும்பிப் போனது. மானேஜர் வந்து பார்த்து, டூட்டி பிரமாதம், யார் போட்டது என்றார். உள்ளதைச் சொன்னேன். என் அட்டவணையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அரபி கலந்த இந்தியில் கேட்டார்:

"எல்லாம் அவங்களே பண்றாங்கன்னா, அப்போ நீ எதுக்கு?"

லீவில் போனபோது

அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும்போதே எனக்கு இரண்டு மாத லீவு வந்தது. மார்த்தாண்டத்தில் வீட்டு மொட்டை மாடியில் நின்று வாரம் ஒரு முறை லாண்டரிக்குப் போன் செய்வேன். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்பார் பஷீர். எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. ஒரு மிஷினாவது பழுதாகியிருக்கக்கூடாதா என்று இருந்தது.

திரும்பி வந்த முதல் நாள் உள்ளே நுழைந்தால் ஒரு புகார் இல்லை, மூலையில் ஒளித்துவைத்த மூட்டை இல்லை. முனியசாமி தன் மேசையில் இன்னொருவனுக்கும் பழக்கிவிட்டிருந்தார். நான் இல்லாமல் ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று பட்டும் படாமலும் அவரிடம் கேட்டேன். ஒரு விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடியே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இருந்துச்சு தம்பி. டீ நேரத்துல பேச ஆளில்ல."

வேலை தெரிந்த இருபத்திரண்டு பேருக்கு நடுவில் வழியை மறித்துக்கொண்டு நிற்காமல் இருப்பதற்குத்தான் கம்பெனி என்னை சூப்பர்வைசர் ஆக்கியது என்பது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்குப் புரிய ஐந்து வருஷம் ஆயிற்று.