சாமுராய் வீட்டு வாசலில் நான்

நாள் முழுக்க நின்றபடி "தொடாதேயுங்கோ" என்று சொல்லுவதுதான் என் தொழில். கடையிலோ கந்தோரிலோ வகுப்பறையிலோ சனத்தோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. ரைன் ஆற்றங்கரை நகரம் ஒன்றின் பூங்காவில் ஒரு சாமுராயின் வீடு நிற்கிறது. ஜப்பானில் பலகை பலகையாகக் கழற்றி, கப்பலில் கொண்டுவந்து, திரும்பப் பொருத்திய வீடு. சுற்றிவரப் பாசித் தோட்டம், குளம், மேப்பிள் மரங்கள். ஆறு வருடமாக அதற்குக் காவல் நான்.

சப்பாத்து

உள்ளே வைக்கோல் பாய் விரித்திருக்கிறது. சப்பாத்தோடு ஏற ஏலாது. ஒரு நாள் கோட்டும் டையுமாக வந்த ஜெர்மன்காரர் ஒருவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். டிக்கெட் எடுத்தவராம், சப்பாத்து சுத்தமாம், கழற்ற மாட்டாராம். பின்னால் வரிசை நீண்டது. "வாளோடு திரிந்த வீட்டுக்காரரே இந்த வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனவர்" என்று ஜெர்மனில் சொல்லி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

மனிதர் கதிரையில் இருந்தார், கழற்றினார். இரண்டு சொக்ஸிலும் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை, அவர் மனைவியைத் தவிர. அந்த அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "இதைக் குப்பையில் போடுங்கள் என்று ஒரு வருடமாகச் சொல்கிறேன். இன்றைக்குத்தான் அவருக்குக் காது கேட்டிருக்கிறது."

குசினி

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு வந்த கையோடு ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வந்து இறங்கியது. நான் தமிழில் கதைத்ததும் அந்தக் குடும்பத்து அண்ணைக்கு உசார் வந்துவிட்டது. சாமுராய் படுத்த அறைக்குள் நாலு பாய்தான் விரிக்கலாம். சமைக்கிற குசினியோ அதைப்போல இரண்டு மடங்கு. அண்ணை குசினியைக் காலடியால் அளந்தார், முகட்டை அண்ணாந்து பார்த்தார், தன் மனைவியையும் ஒருக்கால் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பித் தீர்ப்புச் சொன்னார்: "தங்கச்சி, ஊரெல்லாம் இவருக்குப் பயந்திருக்கும். ஆனா இந்த வீட்டில ஆரின்ர சொல்லு நடந்ததெண்டு குசினியைப் பாக்கவே தெரியுது."

தோட்டம் பார்த்தவர்

மாசி மாதக் குளிரில் ஒரு ஜப்பானிய அம்மா தனியாக வந்தார். என்ன பிழை பிடிக்கப் போகிறாரோ என்று தோட்டக்காரர் ஒளித்துக்கொண்டார். நான் ஒளிக்கவில்லை. அந்த அம்மா தாழ்வாரத்தில் இருந்து, உறைந்த குளத்தையும் பாசியையும் ஒரு மணித்தியாலம் அசையாமல் பார்த்தார். நான் கம்பளி கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். திருத்தமான ஜெர்மனில் பதில் வந்தது: "தோட்டம் அருமை. ஆனால் இந்த வீட்டில் குடியிருந்தவருக்கு வாளைவிட அவசரமாக ஒரு ஹீட்டர் தேவைப்பட்டிருக்கும்."

மழைப் பலகை

போன கோடையில் ஒரு பின்நேரம் வானம் திடீரென்று கறுத்தது. தோட்டப் பக்கம் வீடு முழுவதும் திறந்தபடி. அதை அடைக்கப் பன்னிரண்டு பாரமான மரப் பலகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கித் தரையில் வெட்டிய தவாளிப்பில் விட்டுத் தள்ளவேண்டும். தோட்டக்காரர் சுகமில்லாமல் லீவு. மேலாளர் போனை எடுக்கவில்லை. உள்ளே, நாரைகளின் படம் தீட்டிய இருநூறு வருடப் பழைய காகிதக் கதவுகள். ஒரு சாரல் அடித்தால் அவ்வளவுதான்.

பார்க்க வந்திருந்தவர்கள் எட்டுப் பெண்கள், எல்லாரும் அறுபது தாண்டிய தோழிகள். பார்வையாளர் எதிலும் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. நான் கையைத் தட்டி, "இன்றைக்கு மட்டும் தொடலாம், ஓடி வாருங்கள்!" என்று கத்தினேன். சோடி சோடியாக ஓடி வந்தார்கள். கடைசிப் பலகை இறுகிக்கொண்டது. தோளைக் கொடுத்து நான் ஒரு தள்ளுத் தள்ள, அது போய்ப் பொருந்தவும் வெளியே ஆலங்கட்டி கொட்டவும் சரியாக இருந்தது.

அடுத்த நாள் மேலாளர் கேட்குமுன் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய் அந்த நாரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பி வந்து சொன்னார்: "விதிப்படி உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதவேண்டும். அதற்கு முதல் அந்தப் பெண்களின் விலாசத்தைத் தாருங்கள், நன்றிக் கடிதம் எழுத."

பழைய வீட்டைக் காப்பது லேசான வேலை. அதைப் பார்க்க வருகிறவர்களைச் சமாளிக்கத்தான் என்னைப்போல ஓர் ஆள் வேணும்.